சிவப்பு அட்டைகளை எடுத்தது நான்

அந்த அலமாரியில் ஆயிரம் பொந்துகள் இருந்தன. உயரத்தில் இருபத்தைந்து, அகலத்தில் நாற்பது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை வேறு தெருவுக்கு மாறியபோது, ஜரிகைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த அந்தத் தேக்கு அலமாரியைத் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பொந்திலும் என் கை மணிக்கட்டு வரை நுழையும். மேல் வரிசைகளை எட்ட முக்காலி போட்டு ஏற வேண்டும். முதல் நாள் அதன் முன்னால் நின்றபோது எனக்கு வயது இருபத்தொன்று. கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு, வேறு வேலை கிடைக்கும் வரை என்று சொல்லிக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரியின் பதிவறையில் சேர்ந்திருந்தேன். அறுபதுகள் முடியப்போகும் சமயம் அது.

பதிவறையில் எனக்கு முன்பே ஓர் அக்கா இருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெசவுக் குடும்பம், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. செவிலிமேட்டிலிருந்து தினமும் நடந்தே வருவார். வந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பேனாவைத் திறந்து மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னா கணக்கு, சாப்டியா?" என்பார். என் படிப்பைக் கேலி செய்கிறாரா மதிக்கிறாரா என்று எனக்குப் பல நாள் புரியவில்லை. மதித்தார் என்பது பிறகு தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான் நான் இதைச் செய்தேன்.

எங்கள் வேலை எளிமையானதுதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு காகித உறை. அந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற அட்டைகள் எல்லாம் அதற்குள் இருக்கும். நோயாளி வந்து குடும்பத் தலைவரின் பெயரைச் சொன்னால் உறையை எடுத்து டாக்டரின் மேசைக்கு அனுப்ப வேண்டும். சீட்டு எண் கொடுத்துப் பார்த்தார்களாம், பாதிப் பேர் தொலைத்துவிட்டு வந்தார்களாம். அதனால் அக்கா பெயரின் முதல் எழுத்தை வைத்து உறைகளை அடுக்கியிருந்தார். ஆனால் எங்கள் ஊரில் பெயர் வைப்பது கோயிலைப் பார்த்துத்தான். ஏகாம்பரம், வரதன், காமாட்சி. தறிச் சத்தம் கேட்கும் எந்தத் தெருவில் நின்று ஏகாம்பரம் என்று கூப்பிட்டாலும் நான்கு பேர் திரும்புவார்கள். ஏகாரத்தில் உறைகள் பிதுங்கின. ஔகாரத்தில் சிலந்தி வலை கட்டியது.

நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். பெயரில் அந்த எழுத்து எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ அதனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழால் வகுத்தால் மிஞ்சுவதுதான் பொந்தின் எண். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் வகுபடாதது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். மிச்சமிருந்த மூன்று பொந்துகளில் ஒன்றில் அக்கா மைப்புட்டியை வைத்தார், ஒன்றில் தன் மல்லிகைச் சரத்தை வாழை இலையில் சுற்றி வைத்தார், மூன்றாவதை எனக்குக் கொடுத்தார்.

கணக்குச் சொன்ன பொந்தில் ஏற்கெனவே ஓர் உறை இருந்தால்? அடுத்த பொந்தில் வை, அதிலும் இருந்தால் அதற்கடுத்தது என்று முதலில் வைத்திருந்தேன். ஆறு மாதத்தில் அது என்னைக் கேலி செய்தது. எல்லா ஏகாம்பரங்களும் ஒரே பொந்துக்கு வந்தார்கள், இடமில்லாமல் பக்கத்துப் பொந்துகளுக்கு நகர்ந்தார்கள், அங்கே நியாயமாக வந்து சேர வேண்டியவர்களைத் தள்ளிவிட்டார்கள். அலமாரியின் ஓர் இடத்தில் இருபது முப்பது பொந்துகள் கொத்தாக நிரம்பிக் கிடக்க, நாலு முழம் தள்ளி வரிசை வரிசையாகக் காலி. ஓர் உறையைத் தேட அந்தக் கொத்து முழுவதையும் விரலால் தடவிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் யோசித்து அதையும் சரி செய்தேன். இடம் இல்லையென்றால் பக்கத்துப் பொந்துக்குப் போகாதே, தாவு. எத்தனை பொந்து தாவுவது என்பதை அந்தக் குடும்பத் தலைவரின் தகப்பனார் பெயரும் ஊரும் சொல்லட்டும். ஆக, இரண்டு ஏகாம்பரங்கள் ஒரே பொந்தில் மோதிக்கொண்டாலும், ஒருவர் பதினேழு பொந்து தாவுவார், இன்னொருவர் அறுபத்துநான்கு தாவுவார். மறுபடி மோத வாய்ப்புக் குறைவு. தேடும்போதும் அதே தாவல்தான். உறை கிடைத்தால் சரி. வழியில் ஒரு காலிப் பொந்து வந்துவிட்டால் அதோடு தேடலை நிறுத்திவிடலாம், அந்தக் குடும்பம் நம்மிடம் பதியவே இல்லை என்று அர்த்தம். இருந்திருந்தால் அந்தக் காலி இடத்தில்தானே வைத்திருப்போம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் எல்லா உறைகளையும் தரையில் இறக்கி, புதுக் கணக்குப்படி ஏற்றினோம். கொத்துகள் மறைந்தன. இரண்டு மூன்று தாவலுக்குள் எந்த உறையும் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியை நடத்திய பெரிய டாக்டர் வந்து பார்த்து, பத்துப் பெயர்களைச் சொல்லி எடுக்கச் சொன்னார். பத்தும் வந்தன. "நீ இங்க இருக்க வேண்டிய பொண்ணே இல்லம்மா" என்றார். அந்த வாக்கியத்தை நான் பல நாள் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

என் கணக்கில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது அக்கா. ஒரு குடும்பம் சூரத்துக்குப் பிழைக்கப் போய்விட்டது. அவர்கள் உறையை எடுத்துப் பழைய உறைகளின் கட்டோடு சேர்த்தோம். சில நாள் கழித்து வேறொரு குடும்பத்தின் உறை கணக்குப்படி கிடைக்கவில்லை. நேற்றுத்தானே இங்கே பார்த்தேன் என்று அக்கா விடாமல் தேடி எடுத்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு, இங்க வா. இவங்க உறை வைக்கும்போது இந்தப் பொந்துல சூரத்துக்காரங்க இருந்தாங்க. அதனால தாவி அங்க போயிட்டாங்க. இப்ப சூரத்துக்காரங்கள எடுத்துட்டோம். பொந்து காலியா கீது. தேடிக்கினு வர்றவ காலிய பாத்து நின்னுடுவா. அங்க ஒருத்தங்க கீறாங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பை நிறையப் பழைய அட்டைகள் கொண்டுவந்தார். புடவைக் கரையில் பூ போடுவதற்காகத் தறிமேல் மாட்டும், ஓட்டை ஓட்டையாகத் துளைத்த தடித்த அட்டைகள் அவை. தேய்ந்துபோனவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, சாயப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த சிவப்பில் முக்கிக் காயவைத்திருந்தார். உறையை எடுத்த பொந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அட்டை. புது உறையை அங்கே வைக்கலாம். ஆனால் தேடும்போது அதைக் காலி என்று நினைக்கக் கூடாது, தாண்டிப் போக வேண்டும். "இத்த மட்டும் எடுத்துடாதம்மா" என்று என்னிடம் சொன்னார். தெளிவாகச் சொன்னார். எனக்கும் தெளிவாகப் புரிந்தது. இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் தெரியாமல் செய்தேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடம் ஓடியது. இறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் என்று சிவப்பு அட்டைகள் பெருகின. மூன்று தாவலில் கிடைத்த உறைக்கு இப்போது ஏழு எட்டு தாவல் ஆயிற்று. என் அழகான கணக்கை அந்த அட்டைகள் கெடுப்பதாக எனக்கு எரிச்சல். எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றியிருந்தால் தீர்ந்திருக்கும், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். அதை அக்காவிடம் கேட்கச் சோம்பல். அந்தச் சமயத்தில், ஆஸ்பத்திரிக்கு உதவி செய்யும் டிரஸ்டிலிருந்து சிலர் மெட்ராஸிலிருந்து வருவதாகப் பெரிய டாக்டர் சொன்னார். "உன் முறைய அவங்களுக்குக் காட்டணும்மா. அதுல ஒருத்தர் கம்பெனில கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்க." எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

அக்கா மூன்று நாள் விடுப்பில் வாலாஜாபாத் போயிருந்தார், தங்கைக்குப் பிரசவம். அவர் போன முதல் நாள் சாயங்காலம் நான் முக்காலியில் ஏறிச் சிவப்பு அட்டைகளை எல்லாம் எடுத்தேன். எந்தப் பொந்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளக்கூட இல்லை. குப்பைக் கூடையில் போட்டேன். விருந்தாளிகள் போனதும் உறைகளை மறுபடி ஒழுங்கு செய்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லிய பெயர்கள் என் அதிர்ஷ்டத்துக்கு முதல் தாவலிலேயே கிடைத்தன. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கை தட்டினார். அவர்கள் போன பிறகு நான் ஒன்றும் ஒழுங்கு செய்யவில்லை. அந்தக் கைதட்டலோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலை முசரவாக்கத்திலிருந்து ஒருவர் ஒரு சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டு வயது இருக்கும். காலில் பெரிய கட்டி, நல்ல காய்ச்சல். அவர் சிறுமியின் சித்தப்பா. அண்ணன் வெளியூர், அண்ணி பிரசவித்துப் பத்து நாள். அண்ணன் பெயரையும் தன் தகப்பனார் பெயரையும் சொன்னார். நான் கணக்குப் போட்டேன். முதல் பொந்தில் வேறு ஒரு குடும்பம். தாவினேன், அங்கேயும் வேறு குடும்பம். இரண்டாவது தாவலில் பொந்து காலியாக இருந்தது.

அந்தக் காலிப் பொந்தின் முன் என் கை ஒரு கணம் நின்றது. நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பின்னால் கூட்டம் இருந்தது. அன்று உள்ளே இருந்தவர், விடுப்பில் போன இன்னொரு டாக்டருக்குப் பதிலாக வந்த இளம் டாக்டர். "பழைய கார்டு இருக்கா?" என்று கேட்டு ஆளனுப்பினார். "புது கேஸ் சார்" என்று ஒரு வெள்ளை அட்டையை எழுதிக் கொடுத்தேன்.

ஊசி போட்ட சற்று நேரத்தில் உள்ளே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. சிறுமியின் உதடு வீங்கி, மூச்சு விசில் போல இழுத்துக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து பெரிய டாக்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். சித்தப்பா வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். மாற்று ஊசி, ஆக்சிஜன், மறுபடி ஊசி. சாயங்காலம் அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். பிழைத்துக்கொண்டாள். அவள் பிழைத்ததும் என்னுள் முதலில் வந்தது நிம்மதி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்தது. இனி நான் எதையும் சொல்லத் தேவையில்லை என்ற எண்ணம்.

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் அலமாரியை முழுக்கத் தேடச் சொன்னார். உறை கிடைத்தது. உள்ளே, பென்சிலின் இந்தக் குழந்தைக்கு ஆகாது என்று ஒரு வருடத்துக்கு முன் அவரே கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை. உறையின் மேல் இருந்தது அக்காவின் கையெழுத்து. வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வேலைக்கு வந்த அக்கா, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார்.

"உறையைத் தப்பான இடத்துல வெச்சிருக்கியேம்மா" என்றார் டாக்டர்.

அக்கா பையைக் கீழே வைத்தார். சிலேட்டுப் பலகையை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒன்று, தாவல், இரண்டாவது தாவல், மூன்றாவது தாவல். உறை இருந்த பொந்து அதுதான். "எடம் சரியாத்தான் இருக்குது சார். நடுவுல இந்தப் பொந்துல செகப்பு அட்ட இருந்துது. அத்த யாரு எடுத்தாங்க?" கேட்டது டாக்டரை. ஆனால் பார்த்தது என்னை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சிவப்பு அட்டை?"

"தெரியல சார். என் முறையில அப்படி ஒண்ணும் கிடையாது" என்றேன்.

என் முறை என்று நான் எழுதி அவரிடம் கொடுத்திருந்த நான்கு தாள்களில் அப்படி ஒன்றும் கிடையாதுதான். அக்காவின் அட்டைகளை நான் அதில் சேர்த்திருக்கவில்லை. ஆகவே ஒரு சொல் கூடப் பொய்யாக்காமல் என்னால் முழுப் பொய்யைச் சொல்ல முடிந்தது. 'தெரியல' என்ற அந்த முதல் சொல்லைத் தவிர. கணிதம் படித்த பெண் ஒன்று சொல்கிறாள், பள்ளி இறுதியோடு நின்றவர் வேறு சொல்கிறார். டாக்டர் நல்லவர்தான். அவர் யாரை நம்புவார் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அக்காவைப் பதிவறையிலிருந்து எடுத்து, ஊசிகளைக் கொதிக்க வைத்துப் பஞ்சு மடிக்கும் இடத்தில் போட்டார்கள். என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையை மட்டும் அசைப்பார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கணக்கு என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை. நாலைந்து மாதத்தில் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அக்காவை மாற்றிய வாரத்து ஞாயிற்றுக்கிழமையே நான் தனியாக எல்லா உறைகளையும் இறக்கி ஏற்றியிருந்தேன். அதன் பிறகு எடுத்த ஒவ்வோர் உறையின் இடத்திலும் ஓர் அட்டையை வைத்தேன். நீல நிறத்தில்.

அடுத்த வருடம், கை தட்டியவரின் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. மெட்ராஸில் குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது, நான் பொந்துகளில் செய்ததையே அது தன் நினைவகத்தில் செய்வதைப் பார்த்தேன். பெயரிலிருந்து இடம், மோதினால் தாவல். ஹாஷ் டேபிள் என்று அதற்குப் பெயரும் இருந்தது. ஒரு நாள் எங்கள் புரோகிராம், இருக்கும் வாடிக்கையாளர்களை இல்லை என்று சொல்லத் தொடங்கியது. எல்லாரும் திணறினார்கள். எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அழித்த இடத்தைக் காலியாக விடாதீர்கள், இங்கே ஒருவர் இருந்தார் என்று ஓர் அடையாளம் வையுங்கள், அடையாளங்கள் பெருகினால் முழுவதையும் புதிதாக அடுக்குங்கள் என்றேன். மேலதிகாரி வியந்துபோய், "எப்படிம்மா தோணுச்சு?" என்றார். "யோசிச்சேன் சார்" என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. அக்காவிடமிருந்து இரண்டாவது முறையும் எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஊருக்குப் போக எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. அதற்குள் பெரிய டாக்டர் இறந்துபோனார். செவிலிமேட்டில் விசாரித்து அக்கா வீட்டுக்குப் போனேன். பால்வாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டார். நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"தெரியும்மா" என்றார். "அன்னிக்கி உள்ள வரும்போதே பாத்துட்டேன். குப்பக் கூடையில அட்டைங்க அப்படியே கெடந்துது."

"தெரிஞ்சுமா யாரு எடுத்தாங்கன்னு கேட்டீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள். நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, "அந்தப் பொண்ணப் பாக்க முசரவாக்கம் போனேன். ரெண்டு தபா போனேன். அவங்கம்மா வாசல்லயே நிறுத்தி, எம் பொண்ண கொல்லப் பாத்தவளேன்னு மண்ண வாரி எறிஞ்சிது. இப்பக்கூட மார்க்கெட்டுல பாத்தா மூஞ்ச திருப்பிக்கினு போவுது" என்றார். முறத்தைத் தட்டினார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. தெரியாதவங்க கிட்ட போய் சொல்லு."

மறுநாள் முசரவாக்கம் போனேன். சிறுமி வளர்ந்து பாவாடை தாவணியில் இருந்தாள், ஒன்பதாவது படிப்பதாகச் சொன்னாள். நான் மெட்ராஸில் வேலை பார்ப்பவள், ஆஸ்பத்திரியில் முன்பு இருந்தவள் என்றதும் அவள் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார். மோர் கொடுத்தார். நான் கீழே உட்காருகிறேன் என்றேன், விடவில்லை. அலமாரி, அட்டை, குப்பைக் கூடை, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். மண்ணை வாரி என் மேல் எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிய வேண்டும் என்று விரும்பினேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ பெரிய மனசுமா உங்களுக்கு! அந்தப் பொம்பள மேல பழி வரக்கூடாதுன்னு நீங்க தலையில போட்டுக்கிறீங்க. அவ அனுப்பிச்சாளா உங்கள?"

"இல்லம்மா, நெஜமா நான்தான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"படிச்சவங்க நீங்க, அப்படில்லாம் செய்வீங்களா? உங்கள பாத்தாலே தெரியுது." மகளைப் பார்த்து, "பாத்துக்கடி, மனுசங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

நான் மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண்ணில் என் மேல் இருந்த மரியாதைதான் ஏறிக்கொண்டு போனது. அன்று பதிவறையில் இரண்டு வாக்கியத்தில் நம்ப வைத்ததை, இப்போது ஒரு மணி நேரம் பேசியும் மாற்ற முடியவில்லை. பெண் மட்டும் தூணில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் தனியாகக் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா கொல்லைக்குப் போய் முருங்கைக்காய் பறித்து, வாழை நாரால் கட்டி எடுத்துவந்தார். பஸ் நிற்கும் இடம் வரை வெயிலில் கூடவே வந்தார். பஸ் வந்ததும் அந்தக் கட்டை என் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன்.